நிரல் எழுதாமலே செயலி: குழுக் கணக்குக்கு ஒத்துவருமா?

வாசகர் கேள்வி – பதில்

"ஆவடி பக்கத்தில் நூறு பேர் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் குழு வைத்திருக்கிறோம். கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் வந்த தொகுதி நிதியில் பவர் டில்லர், பவர் வீடர், மருந்து தெளிப்பான் எல்லாம் வாங்கி, உறுப்பினர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். கணக்கு எல்லாம் இரண்டு நோட்டில்தான். மழை பெய்து ஈரம் வந்தால் எல்லாருக்கும் ஒரே நாளில் டில்லர் வேண்டும். 'எனக்கு முன்னாடி அவருக்கு எப்படிக் கொடுத்தீங்க', 'நான் பணம் கட்டிட்டேன், நோட்டுல ஏன் பாக்கி நிக்குது' என்று கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை. மூன்று பேர் குழுவுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். ஒரு கம்பெனிக்காரர் வந்து, 'ஒரு லட்சத்து எண்பதாயிரம் கொடுங்கள், செயலி செய்து தருகிறோம்' என்கிறார். பி.காம். இறுதியாண்டு படிக்கும் என் அண்ணன் மகளோ, 'அத்தை, லோ-கோடுன்னு ஒண்ணு இருக்கு, நானே செஞ்சு தர்றேன்' என்கிறாள். அடுத்த மாதம் பொதுக்குழு. எதை நம்புவது?"

- குழுச் செயலாளர், ஆவடி

உங்கள் கடிதத்தில் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. செயலி செய்ய யாரை நம்புவது என்பது ஒன்று. செயலி வந்தால் சண்டை தீருமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு விடை தெரியாமல் முதலாவதற்குப் பணம் கட்டக் கூடாது. வரிசையாகப் பார்ப்போம்.

லோ-கோடு என்றால் என்ன?

'கோடு' என்று இங்கே சொல்வது கம்ப்யூட்டருக்கு எழுதும் நிரலை. செல்போனில் இருக்கும் ஒவ்வொரு செயலிக்குப் பின்னாலும் ஆயிரக்கணக்கான வரிகளில் நிரல் இருக்கிறது. அதை எழுதத் தெரிந்தவர்களுக்குச் சம்பளம் அதிகம். அதனால்தான் கம்பெனிக்காரர் லட்சத்தில் விலை சொல்கிறார்.

லோ-கோடு தளத்தில் அந்த வரிகளில் பெரும்பகுதி முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும். 'பெயர்', 'தேதி', 'தொகை' என்று கட்டங்களை இழுத்து வைத்தால் படிவம் தயார். நிரப்பிய படிவங்கள் தானாகப் பட்டியலாக அடுக்கப்படும். 'மணிக்கணக்கை வாடகையால் பெருக்கு', 'பாக்கி இருந்தால் சிவப்பில் காட்டு' என்பது போன்ற கட்டளைகளை மட்டும் சில வரிகளில் எழுதிச் சேர்க்க வேண்டும். ரெடிமேடாக வார்த்த வளையங்களை இறக்கி உறைகிணறு அமைப்பது போலத்தான். வளையத்தை வேறு ஒருவர் வார்த்து வைத்திருக்கிறார். ஆனால் எந்த இடத்தில் இறக்குவது, எத்தனை அடி இறக்குவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த யோசனை புதிதல்ல. கணக்கு எழுதுகிறவர்கள் தாங்களே கட்டங்களில் சூத்திரம் போட்டுக்கொள்ளலாம் என்று காட்டிய 'விசிகால்க்' என்ற மென்பொருள் 1979-ல் அமெரிக்காவில் வந்தது. இன்று எல்லாரும் பயன்படுத்தும் எக்செல் அந்த வழியில் பின்னால் வந்ததுதான். 'லோ-கோடு' என்ற பெயரை 2014-ல் ஃபாரஸ்டர் என்ற ஆய்வு நிறுவனம் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, அதாவது 2006-ல், இதே வேலையைச் செய்யும் ஒரு தளம் சென்னையிலிருந்து வெளிவந்துவிட்டது. அதுதான் ஜோஹோ கிரியேட்டர்.

ஸ்ரீதர் வேம்பு உள்ளிட்டோர் 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாறியது. தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையில் வயல்வெளிக்கு நடுவே அலுவலகம் வைத்திருப்பதும், பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து வேலை தருவதும் இந்த நிறுவனம்தான். கூகுளும் 2020-ல் 'ஆப்ஷீட்' என்ற லோ-கோடு நிறுவனத்தை வாங்கியது. மைக்ரோசாஃப்ட்டுக்கு 'பவர் ஆப்ஸ்' இருக்கிறது. ஆகவே உங்கள் அண்ணன் மகள் சொல்வது விளையாட்டுப் பேச்சு அல்ல. பெரிய கம்பெனிகளே உள்வேலைகளுக்கு இவற்றைப் பயன்படுத்துகின்றன. 2024 நவம்பரில் உங்கள் பட்டாபிராமில் திறக்கப்பட்ட 21 மாடி டைடல் பார்க்கில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்குத்தான் இது முடியும் என்று நினைக்க வேண்டியதில்லை. எக்செல் தெரிந்த பி.காம். மாணவியால் முடியும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பெயர்களை விளம்பரத்துக்காகச் சொல்லவில்லை. எதை எடுத்தாலும் கீழே சொல்லும் விஷயங்கள் பொருந்தும்.

முதலில் பேச வேண்டியது விதிகளை

உங்கள் சண்டைகளைக் கவனியுங்கள். 'அவருக்கு ஏன் முதலில் கொடுத்தீர்கள்' என்பது கணக்குப் பிரச்னை அல்ல. முன்னுரிமைக்கு விதி இல்லாத பிரச்னை. விதி இல்லாத இடத்தில் செயலியைப் போட்டால், அதே சண்டை செல்போனில் நடக்கும்.

எனவே பொதுக்குழுவில் செயலியைப் பற்றிப் பேசுவதற்கு முன், இந்தக் கேள்விகளுக்கு ஒரு தாளில் விடை எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

* வாடகை நேரம் எப்போது தொடங்குகிறது? கொட்டகையிலிருந்து வண்டி கிளம்பும்போதா, வயலில் உழத் தொடங்கும்போதா?
* டீசல் யாருடையது? ஓட்டுபவர் கூலி வாடகையில் சேர்ந்ததா, தனியா?
* ஒரே நாளில் ஐந்து பேர் கேட்டால் யாருக்கு முதலில்? முன்பதிவு வரிசையா, நாற்று தயாராக இருப்பவருக்கா, போன முறை கிடைக்காதவருக்கா?
* முன்பதிவு செய்தவர் மழையால் வேண்டாம் என்றால் அவருடைய இடம் தள்ளிப்போகுமா, ரத்தாகுமா?
* பாக்கி எவ்வளவு வரை இருந்தால் அடுத்த முறை இயந்திரம் தருவீர்கள்?
* உறுப்பினர் அல்லாதவருக்குத் தருவீர்களா? தந்தால் என்ன வாடகை?
* தவறாக எழுதிய கணக்கைத் திருத்தும் உரிமை யாருக்கு?

சொர்ணவாரிக்கும் நவரைக்கும் பட்டம் தவறினால் என்ன நஷ்டம் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. முன்னுரிமை விதிதான் இதில் உயிர். வாடகையை முடிவு செய்வதற்கு, வேளாண் பொறியியல் துறை தன் இயந்திரங்களுக்கு என்ன வாடகை வைத்திருக்கிறது என்று பாருங்கள். அந்தத் துறையின் 'இ-வாடகை' முன்பதிவு வசதியையும் உழவன் செயலியையும் ஒருமுறை திறந்து, முன்பதிவுக்கு அவர்கள் என்னென்ன விவரம் கேட்கிறார்கள் என்று பார்த்தால் உங்களுக்கு ஒரு மாதிரி கிடைக்கும்.

நான்கு பட்டியல் போதும்

விதி முடிவான பிறகு செயலிக்கு வரலாம். உங்கள் வேலைக்கு நான்கு பட்டியல் இருந்தால் போதும்.

ஒன்று, உறுப்பினர் பட்டியல். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். 1 முதல் 100 வரை. பெயரை வைத்துக் கணக்கு எழுதக் கூடாது. ஒரே ஊரில் மூன்று முருகன் இருப்பார்கள். ஒரே முருகனை ஒருவர் 'முருகன்' என்றும், இன்னொருவர் 'மேட்டுத்தெரு முருகன்' என்றும் எழுதுவார். கம்ப்யூட்டர் அவர்களை இரண்டு ஆளாகத்தான் பார்க்கும். 'கட்டிய பணம் நோட்டில் இல்லை' என்ற சண்டையில் பாதி இப்படித்தான் வருகிறது.

இரண்டு, இயந்திரப் பட்டியல். டில்லர், வீடர், தெளிப்பான். ஒவ்வொன்றுக்கும் மணி வாடகை, கடைசியாக ஆயில் மாற்றிய தேதி.

மூன்று, வேலைப் பட்டியல். யார், எந்த இயந்திரம், எந்தத் தேதிக்கு முன்பதிவு, எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது.

நான்கு, வரவுப் பட்டியல். யார், எந்தத் தேதியில், எவ்வளவு கட்டினார், ரொக்கமா ஜிபேயா, வாங்கியவர் யார்.

வாடகையையும் வரவையும் ஒரே வரியில் எழுதாமல் இரண்டு பட்டியலாகப் பிரிப்பது முக்கியம். ஒருவர் ஒரே வேலைக்கு மூன்று தவணையாகப் பணம் கட்டுவார். இன்னொருவர் மூன்று வேலைக்குச் சேர்த்து ஒரே தடவை கட்டுவார். ஒரே வரியில் எழுதினால் நோட்டில் நடக்கும் அதே குழப்பம் செயலியிலும் நடக்கும்.

உதாரணத்துக்கு, டில்லருக்கு மணிக்கு 400 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். 17-ம் எண் உறுப்பினர் இரண்டரை மணி நேரம் ஓட்டினார். வேலைப் பட்டியலில் 1,000 ரூபாய் என்று தானாக விழும். அவர் அன்று 600 ரூபாய் கட்டினார். வரவுப் பட்டியலில் 600. செயலி 17-ம் எண்ணின் மொத்த வாடகையிலிருந்து மொத்த வரவைக் கழித்து, பாக்கி 400 என்று காட்டும். இதில் எங்கேயும் யாரும் மனக்கணக்குப் போடவில்லை. பெயரைத் தட்டச்சு செய்யவும் இல்லை. எண்ணைப் பட்டியலிலிருந்து தொட்டுத் தேர்ந்தெடுப்பதோடு சரி. கட்டங்களின் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

வேலை நேரத்தையும் கையால் எழுதவிடாதீர்கள். ஓட்டுபவர் தொடங்கும்போது ஒரு பொத்தான், முடிக்கும்போது ஒரு பொத்தான். நேரம் தானாகப் பதிவாகும்படி வைக்கலாம். வயலில் சிக்னல் இல்லாவிட்டாலும் பதிவு செய்து, பிறகு சிக்னல் வந்ததும் அனுப்பும் வசதி சில தளங்களில் உண்டு. தேர்ந்தெடுக்கும்போதே அது இருக்கிறதா என்று பாருங்கள்.

செயலியால் முடியாதது

ஓட்டுபவர் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, அரை மணி நேரம் மர நிழலில் உட்கார்ந்த பிறகு 'முடிந்தது' பொத்தானை அழுத்தினால், செயலி இரண்டரை மணி நேரத்துக்கு மிகச் சரியாகக் கணக்குப் போட்டுக் கொடுக்கும். தவறான விவரத்துக்கும் அது சுத்தமான கணக்குத்தான் காட்டும். ஆகவே வேலை முடிந்ததும் வயல்காரர் அங்கேயே பார்த்து 'சரி' சொல்ல வேண்டும். சின்ன ரசீதுப் புத்தகத்தில் நேரத்தை எழுதிக் கையெழுத்து வாங்குவது எளிய வழி. செயலி வந்துவிட்டது என்பதற்காக ரசீதை நிறுத்த வேண்டாம்.

அதேபோல, எழுதிய வரியை அழிக்கும் உரிமையை யாருக்கும் தராதீர்கள். செயலாளராகிய உங்களுக்கும் வேண்டாம். தவறு நேர்ந்தால், காரணத்தோடு ஒரு திருத்த வரியைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். பழைய வரி அப்படியே நிற்க வேண்டும். லோ-கோடு தளங்களில் யார் பார்க்கலாம், யார் சேர்க்கலாம், யார் திருத்தலாம் என்று தனித்தனியாக அனுமதி வைக்க முடியும். நோட்டில் கிடைக்காத பலன் இதுதான். நோட்டில் பக்கத்தைக் கிழித்தாலும், எண்ணை மாற்றி எழுதினாலும் கேட்பதற்குச் சாட்சி இல்லை. உங்கள் மேல் யாராவது பழி சொன்னால், 'இதோ பாருங்கள்' என்று காட்ட உங்களிடமும் ஆதாரம் இருக்கும்.

பணம் எங்கே செலவாகும்?

லோ-கோடு என்றால் இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான தளங்கள் உள்நுழையும் ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம் வாங்குகின்றன. இங்கேதான் பல குழுக்கள் பயந்துபோய் விட்டுவிடுகின்றன. 'நூறு பேருக்கு மாதம் கட்டினால் என்ன ஆவது?' என்று கேட்கிறார்கள்.

நூறு பேரும் உள்நுழைய வேண்டியதில்லை. இயந்திரம் ஓட்டுபவர், பொருளாளர், செயலாளர் ஆகிய மூன்று பேர் பதிவு செய்தால் போதும். மற்றவர்களுக்கு வாரம் ஒருமுறை பாக்கிப் பட்டியலையும் முன்பதிவு வரிசையையும் அச்சடித்து இயந்திரக் கொட்டகைச் சுவரில் ஒட்டுங்கள். முன்பதிவு வரிசையைக் குழுவின் வாட்ஸ்அப்பிலும் போடலாம். ஸ்மார்ட்போன் இல்லாத உறுப்பினருக்கும் சுவர் இருக்கிறது. யார் யார் எவ்வளவு பாக்கி என்று பெயரோடு ஒட்டினால் சிலருக்கு மனவருத்தம் வரும். அதனால் பாக்கியை எண்ணோடு மட்டும் ஒட்டலாம். அவரவர் எண் அவரவருக்குத் தெரியும்.

'ஒவ்வொரு உறுப்பினருக்கும் தானாக எஸ்.எம்.எஸ். போகும்' என்று யாராவது ஆசை காட்டினால் ஒன்றைக் கேளுங்கள். ட்ராய் விதிப்படி, இப்படி மொத்தமாகச் செய்தி அனுப்புகிற அமைப்பு தன் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் தொலைபேசி நிறுவனங்களின் பதிவு முறையில் முன்பே பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஆவணங்கள் தேவை. செய்திக்கும் தனிக் கட்டணம். முதல் ஆண்டில் இது உங்களுக்குத் தேவையில்லை.

பணம் கட்டாமல் பழகிப் பார்க்க வழி இருக்கிறது. கூகுள் ஃபார்மில் படிவம் செய்து, விவரங்கள் கூகுள் ஷீட்டில் விழும்படி வைக்கலாம். இதற்கு ஒரு ஜிமெயில் கணக்கு போதும். அனுமதி வைப்பது, வரிசை பார்ப்பது போன்றவை இதில் அவ்வளவு வசதியாக இருக்காது. ஆனால் எந்தக் கட்டம் தேவை, எது தேவையில்லை என்பது இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். அதன் பிறகு ஆப்ஷீட், ஜோஹோ கிரியேட்டர் போன்ற ஒன்றுக்குப் போகலாம். இவற்றிலும் வாங்குவதற்கு முன் பழகிப் பார்க்க வாய்ப்பு உண்டு. கட்டண விவரங்கள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், அந்தந்த நிறுவனத்திடம் அன்றைய விலையைக் கேட்டு, ஆண்டுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பொதுக்குழுவில் வையுங்கள்.

அண்ணன் மகள் வேலைக்குப் போய்விட்டால்?

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத கேள்வி இது. இறுதியாண்டு படிக்கும் பெண் அடுத்த ஆண்டு வேலைக்கோ திருமணமாகி வேறு ஊருக்கோ போகலாம். அன்றைக்கு டில்லர் வாடகையை 400-லிருந்து 450 ஆக்க வேண்டும் என்றால் யார் செய்வது?

அதற்கு மூன்று ஏற்பாடுகளை இப்போதே செய்யுங்கள்.

முதலாவது, கணக்கைக் குழுவின் பெயரில் புதிதாக உருவாக்கிய மின்னஞ்சலில் தொடங்க வேண்டும். அண்ணன் மகளின் சொந்த மின்னஞ்சலிலோ உங்கள் மின்னஞ்சலிலோ தொடங்கக் கூடாது. அதில் இணைக்கும் செல்போன் எண்ணும் குழுவுக்கென்று வாங்கிய எண்ணாக இருக்கட்டும். கடவுச்சொல்லை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, குழுவின் தீர்மானப் புத்தகம் இருக்கும் பீரோவில் வையுங்கள். பொறுப்பாளர் மாறும்போது கடவுச்சொல்லும் மாற வேண்டும்.

இரண்டாவது, இன்னொரு இளைஞரையோ பெண்ணையோ கூடவே உட்கார வைத்துப் பழக்குங்கள். வாடகை மாற்றுவது, புது உறுப்பினர் சேர்ப்பது, பட்டியல் எடுப்பது ஆகிய மூன்றையும் படிப்படியாகத் தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது, வாரம் ஒருமுறை எல்லாப் பட்டியலையும் எக்செல் கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் வையுங்கள். தளத்தின் கட்டணம் ஏறினாலும், அதை மூடினாலும், உங்கள் கணக்கு உங்கள் கையில் இருக்கும். எக்செல்லாக இறக்க முடியாத தளம் எதுவானாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும், வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்கும் ஒரு தொகை கொடுங்கள். சொந்தக்காரப் பெண்தானே என்று சும்மா வாங்கினால், கேள்வி கேட்கவும் முடியாது, தாமதமானால் சொல்லவும் முடியாது. செயலாளரின் அண்ணன் மகள் என்பதால், அதைத் தீர்மானமாகப் பொதுக்குழுவில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது இன்னொரு சண்டைக்கு விதையாகும்.

கம்பெனிக்காரரை என்ன செய்வது?

அவரைத் தவறானவர் என்று சொல்லவில்லை. சில வேலைகளுக்கு அனுபவசாலி தேவை. மின்னணுத் தராசோடு இணைப்பது, நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவது போன்றவை அப்படிப்பட்டவை. நாளைக்கு நீங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்து, தணிக்கைக்கும் ஜி.எஸ்.டி.க்கும் கணக்கு வைக்க வேண்டி வந்தால், அதற்குச் சொந்தமாகச் செயலி செய்யவே கூடாது. டேலி போன்ற ரெடிமேடு கணக்கு மென்பொருளும் ஒரு பட்டயக் கணக்காளரும்தான் அதற்குச் சரி.

ஆனால் மூன்று இயந்திரங்களின் வாடகைக் கணக்குக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்பது உங்கள் குழுவுக்குப் பெரிய தொகை. கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 20 பேர் கொண்ட ஐந்து ஆர்வலர் குழுக்கள் சேர்ந்து நூறு பேர் குழுவாகும்போது வரும் தொகுதி நிதி 5 லட்சம் ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இது போய்விடும். அந்த நிதி பண்ணை இயந்திரங்கள் வாங்குவதற்காக வந்தது. அதை மென்பொருளுக்குச் செலவிட, உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்காமல் ஒரு ரூபாயும் எடுக்காதீர்கள். செயலிக்கான செலவை வாடகை வருமானத்திலிருந்து எடுப்பதே பாதுகாப்பு.

அப்படியும் வெளியாளிடம் கொடுப்பதாக முடிவானால், இவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

* செயலி எந்தத் தளத்தில் செய்யப்படுகிறது? லோ-கோடில் செய்துவிட்டு, முழு நிரல் எழுதியதற்கான விலை கேட்கிறாரா?
* கணக்கு குழுவின் பெயரில் இருக்குமா, அவர் பெயரிலா?
* இரண்டாம் ஆண்டு முதல் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு?
* ஒரு கட்டம் சேர்க்க, ஒரு விதி மாற்ற எவ்வளவு கேட்பார்?
* நாளைக்கு அவரை வேண்டாம் என்று சொன்னால், முழுக் கணக்கையும் எக்செல்லில் தருவாரா?

பணத்தை மூன்று தவணையாகப் பிரியுங்கள். கடைசித் தவணை, ஒரு முழுப் பட்டம் செயலி ஓடி முடிந்த பிறகுதான்.

பொதுக்குழுவில் என்ன வைக்கலாம்?

எங்கள் பரிந்துரை இது. அடுத்த மாதப் பொதுக்குழுவில் விதித் தாளுக்கு ஒப்புதல் வாங்குங்கள். வராமல் நின்றுபோன மூன்று பேரின் வீட்டுக்கும் நேரில் போய், அவர்களுடைய பழைய பாக்கியை நோட்டை வைத்துப் பேசித் தீர்த்து, கூட்டத்துக்கு அழையுங்கள். பழைய தகராறைத் தீர்க்காமல் செயலியில் ஏற்றினால், அது முதல் நாளே தகராறோடுதான் தொடங்கும். 'தொடக்கப் பாக்கி' என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தொகை எழுதி, அவரவர் கையெழுத்து வாங்கிய பிறகே ஏற்ற வேண்டும்.

பிறகு டில்லருக்கு மட்டும், இரண்டு மாதம், கூகுள் ஃபார்மில் சோதனை. நோட்டும் கூடவே ஓடட்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டையும் ஒப்பிடுங்கள். எங்கே வித்தியாசம் வருகிறது என்று பார்த்தாலே, தவறு எங்கே நடக்கிறது என்பது தெரியும். நான்கு வாரம் தொடர்ந்து இரண்டும் ஒத்துப்போனால் வீடரையும் தெளிப்பானையும் சேர்த்து, லோ-கோடு தளத்துக்கு மாறலாம். ஒத்துப்போகாவிட்டால், உங்களுக்கு எதுவும் நஷ்டமில்லை. ஒரு லட்சத்து எண்பதாயிரம் பத்திரமாக இருக்கிறது.

---

"பூந்தமல்லி பக்கத்தில் ஒரு ஏக்கரில் மல்லியும் கீரையும் போட்டிருக்கிறேன். தனி ஆள். எனக்கும் இந்த மாதிரி செயலி தேவையா?"

- வாசகர், பூந்தமல்லி

தேவையில்லை. பல பேர் ஒரே கணக்கை எழுதும்போதுதான் செயலி உதவும். உங்களுக்கு ஒரு டைரி போதும். ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் தொடங்குங்கள். மல்லிக்கு ஒரு பக்கம், கீரைக்கு ஒரு பக்கம் என்று பிரித்து, பறிப்புக் கூலி, உரம், மருந்து, வண்டி வாடகை, கமிஷன் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். கோயம்பேட்டில் கொடுத்த சிட்டையைப் பக்கத்தோடு ஒட்டிவையுங்கள். ஆறு மாதத்தில் எந்தப் பயிர் உங்களுக்குச் சோறு போடுகிறது, எது வெறும் வேலை வாங்குகிறது என்று தெரியும். எழுதுவது சிரமமாக இருந்தால், வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கூகுள் ஷீட்டில் ஏற்றச் சொல்லுங்கள். விலை, வானிலை, மானியம் ஆகியவற்றைப் பார்க்கத் தமிழக அரசு 2018-ல் தொடங்கிய உழவன் செயலியே போதும்.

---

"எங்கள் குழுவுக்குச் செயலி செய்வதாகச் சொன்னவர், எல்லாருடைய ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் கேட்கிறார். வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பி, அதைத் தொட்டு இன்ஸ்டால் செய்யச் சொல்கிறார். செய்யலாமா?"

- வாசகி, திருவள்ளூர்

வேண்டாம். வாடகைக் கணக்குக்கு ஆதார் எண் எதற்கு? உறுப்பினர் எண், பெயர், செல்போன் எண் மட்டும் போதும். தேவையில்லாத விவரத்தை வாங்கி வைத்தால், அது வெளியே போகும்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். 2023-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எதற்காக என்று சொல்லி, சம்மதம் பெற்று, தேவையான அளவு மட்டுமே விவரம் வாங்க வேண்டும் என்கிறது.

வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கில் 'ஏ.பி.கே.' என்று முடியும் கோப்பை ஒருபோதும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். பி.எம். கிசான் பெயரில்கூட இப்படிப் போலிச் செயலிகளை அனுப்பி, போனுக்குள் நுழைந்து, ஓ.டி.பி.யைத் திருடி, வங்கியில் இருந்த பணத்தை எடுத்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. லோ-கோடு செயலிகளைப் பயன்படுத்த, பிளே ஸ்டோரில் இருக்கும் அந்தத் தளத்தின் செயலியை இறக்கினாலே போதும். யாராவது ஏற்கெனவே இன்ஸ்டால் செய்திருந்தால், இன்டர்நெட்டை நிறுத்தி, அந்தச் செயலியை நீக்கி, வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

---

குழுக் கணக்கு, இயந்திர வாடகை, கூட்டு விற்பனை பற்றிய உங்கள் கேள்விகளைத் தபாலில் எழுதி அனுப்புங்கள். எத்தனை உறுப்பினர்கள், இப்போது கணக்கு எப்படி எழுதுகிறீர்கள் என்பதையும் குறிப்பிட்டால் பதில் சொல்ல எளிதாக இருக்கும். ஆவடி குழுவின் பொதுக்குழுவில் என்ன முடிவானது என்பதைச் செயலாளர் எழுதினால், மற்ற குழுக்களுக்கும் உதவும்.